செங்கல் ஒத்தடம்

உடம்பில் பாதி இளைத்தபோது தெருவே பாராட்டியது. தொங்கிப்போன தோல் யாருக்கும் தெரியாது. அதை நைட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன். வெயில் காலத்தில் மடிப்புக்குள் புண்ணாகி நாறும். எண்ணூர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போய்விடுவாள். அதனால்தான் ஆபரேஷன் செய்து, இடுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அறுத்து, அதிகத் தோலை எடுத்துத் தைத்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த அன்று என் தட்டை வயிற்றைப் பார்த்து அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். வயிறு மரத்துத்தான் இருக்கும், உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், சூடு மட்டும் வைக்கவே கூடாது.

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள், பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதையெல்லாம் ஆரம்பித்தாள். காதில் பஞ்சு, தினமும் சுறாப் புட்டு. அடுத்தது செங்கல். எங்கள் குப்பத்தில் செங்கல்லை அடுப்பில் சுட்டு, துணி சுற்றி, பிரசவித்தவள் வயிற்றில் வைப்பார்கள். வயிறு வற்றுமாம்.

"நான் என்ன பிள்ளையா பெத்தேன்?" என்று கத்தினேன்.

"கொயந்த வெளிய வந்தா இன்னா, கொயுப்பு வெளிய வந்தா இன்னா? வயித்த அறுத்தா பச்ச ஒடம்புதான்."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "சரி வுடு, வேணாம்" என்றாள். அம்மா ஒரு பேச்சில் அடங்கி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம் மாத்திரை போட்டுத் தூங்கினேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். கருவாடு சுடும் வாசனையில் விழிப்பு வந்தது. பசிக்கக்கூடச் செய்தது. அம்மா என் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்லம்மா கருவாடு?"

"வெள்ளிக்கியம எவ சுடுவா?" என்றாள். சொல்லும்போதே அவள் கை நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். என் வயிற்றின் மேல் துணி சுற்றிய செங்கல். துணியின் ஓரம் பழுப்பாகியிருந்தது. தட்டிவிட்டேன். துணியோடு தோலும் வந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அலறியது அம்மாதான்.

வெந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். புண் ஆறப் பல மாதம் ஆயிற்று. அம்மாவை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போதும் நான் சமைக்கும்போது அம்மா பின்னாலேயே நிற்கிறாள். அடுப்புப் பக்கம் சாய்ந்தால் இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள். தினமும் காலையில் கண்ணை மூடச் சொல்லி, வயிற்றில் கை வைத்து, "தெர்தா?" என்று கேட்பாள். இல்லை என்றால் அன்றெல்லாம் சோறு இறங்காது அவளுக்கு. அது பொறுக்காமல் நேற்று, "தெரியுதும்மா, நல்லாத் தெரியுது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். அம்மாவின் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. அவள் இன்னும் என்னைத் தொடவே இல்லை.