மூட்டைக்கு ஒரு ஊர், எனக்கு ஒரு ஊர்

சைகோனில் தோல் மண்டிக் கணக்கராக இருந்த என் கணவருக்கு எலும்புருக்கி நோய் என்று கடிதம் வந்தது. நான் வேலூரில் நர்ஸ் பயிற்சி முடித்தவள். அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்ள பிரெஞ்சு அரசின் அனுமதி வேண்டும். நம் நாட்டிலிருந்தே கல்கத்தாவின் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு எழுதலாம். அல்லது பிரெஞ்சு மண்ணான பாண்டிச்சேரிக்குப் போய்க் கேட்கலாம்.

ஆம்பூர் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் அண்ணன் சிரித்தார்.

"இதுல இன்னா யோசனை? ஆம்பூர் தோலு மெட்ராஸ்ல கப்பல் ஏறினா மெட்ராஸ் சரக்கு. நீ பாண்டிச்சேரில ஏறினா பாண்டிச்சேரி ஆளு!"

எனக்கும் அது சரியென்றே பட்டது. பாண்டிச்சேரியில் மனு கொடுத்தோம். பல வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அண்ணன் அங்கேயும் தோல் கதையைச் சொன்னார். குமாஸ்தா கேலி செய்யவில்லை. எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. மூட்டைக்கு ஏறுன ஊரைப் பாப்பாங்க. மனுஷங்களுக்குக் குடியிருக்குற ஊருதான். நீங்க கல்கத்தாவுலதான் கேக்கணும்."

அன்றே கல்கத்தாவுக்கு எழுதினேன். பதில் வருமுன் சைகோனிலிருந்து தந்தி வந்துவிட்டது.

தந்தியோடு கிடங்குக்குப் போனேன். மூட்டைகளில் மெட்ராஸ் முத்திரை குத்திக்கொண்டிருந்த அண்ணன், என் முகத்தைப் பார்த்ததும் மை படிந்த கையோடு அப்படியே நின்றார்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன்."

"வண்டி நிக்குதுண்ணா, வேலையப் பாரு" என்றேன்.

முதலிலேயே கல்கத்தாவுக்கு எழுதியிருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். என் படிப்பு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தனியாகச் செத்திருக்க மாட்டார். அதற்கு என் படிப்பில் பதில் இல்லை.