முப்பத்தைந்து கல், மீதி மூன்று

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எலவனாசூர்கோட்டையில் ஒரு மளிகைக்கடை பாய் வீட்டில் கடப்பாக்கல் பதிக்கிற வேலை எனக்கு. மகளையும் கூட்டிப் போனேன்.

அவள் அஞ்சாவதில் ஏற்கெனவே ஒரு தடவை தவறியவள். வகுத்தல் வராது. இந்தத் தடவையும் தவறினால் அவள் அம்மாவோடு நடவுக்கு அனுப்புவதென்று வீட்டில் பேச்சு. எனக்கு மனசில்லை. வாயைத் திறக்கவும் இல்லை.

"இன்னா மேஸ்திரி, பொண்ண இப்பவே வேலைக்கு பழக்குறியா?" என்றார் பாய்.

"இல்லீங்க. கணக்கு போட வந்துக்குது."

இருந்தது முப்பத்தெட்டு கல். மேற்கொண்டு வேண்டுமென்றால் லாரி வராது. அறை பதினொன்றுக்குப் பதிமூன்று அடி. கல் ரெண்டுக்கு ரெண்டு, நாலு சதுர அடி. எத்தனை வேண்டும் என்று கேட்டேன். கரியால் தரையில் போட்டாள்.

"முப்பத்தாறு யப்பா. சரியா போவுது."

எனக்கு இடித்தது. பார்த்தேன். பெருக்கி வந்த நூற்று நாற்பத்து மூன்றை நூற்று நாற்பத்து நாலாக்கி வைத்திருந்தாள்.

"எதுக்கு ஒண்ண ஜாஸ்தி பண்ண?"

"மீதி வந்தா தப்பு போட்டாப்ல இருக்குது யப்பா."

இத்தனை நாள் பரீட்சையிலும் இதைத்தான் செய்திருக்கிறாள்.

காரை போடாமல் கல்லை அடுக்கினேன். முழுக் கல் முப்பது. இரண்டு சுவரோரமும் ஒரு அடி இடம் நின்றது. அஞ்சு கல்லைப் பாதியாகப் பிளந்து பத்துத் துண்டு வைத்தேன். முப்பத்தைந்து கல் ஆயிற்று. மூலையில் மண் தெரிந்தது.

"அது எத்தினி சதுர அடி? அளந்து பாரு."

அளந்தாள். ஒரு பக்கம் ரெண்டு, மூலையில் ஒன்று.

"மூணு."

"நூத்தி நாப்பத்தி மூணை நாலால வகு. உள்ளது உள்ளபடி போடு."

போட்டாள். முப்பத்தைந்து, மீதி மூன்று. கரியைக் கீழே வைத்துவிட்டு அந்த மூலையையே பார்த்தாள்.

"இது தப்பு இல்லியா யப்பா?"

"தப்பு இல்ல. அங்க இடம் கீதுல்ல? அதான் மீதி. அதுக்கு இன்னொரு கல்லு உடைக்கணும்."

பாய் சிரித்தார். "எனக்கே இப்பதான் புரியுது."

ரோடு திறந்து, பள்ளிக்கூடம் நடந்து, பரீட்சையும் வந்தது. கணக்கில் நாற்பத்திரண்டு. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. நடவுக்கு ஆள் கூப்பிட வந்தவளிடம் என் வீட்டுக்காரி வாசலிலேயே சொல்லிவிட்டாள்:

"எங்கூட அவ வரமாட்டா. ஆறாவது போறா."