கண்ணை மூடினால் எந்த விரல்?

கழுத்தைத் திருப்புகிற தொழிலில் பயம் எப்போதும் இரண்டு பேருக்கு: மேசையில் படுத்திருப்பவருக்கு ஒன்று, தலைமாட்டில் நிற்பவருக்கு ஒன்று. முதல் பயத்தை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். இரண்டாவதை நாங்கள் பேச்சுக் கொடுத்து மறைத்துக்கொள்வோம். காலையில் எழும்போது விரல்கள் மரத்துக் கிடக்க, இது என் கைதானா என்று மறுகையால் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

பத்தாவது வரை குன்னூரில் தமிழில் படித்தேன். மிச்சப் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். கைரோபிராக்டிக் என்கிற வைத்தியத்தை ஆஸ்திரேலியாவில் கற்று, அங்கேயே பல வருஷம் செய்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினேன். மருந்தில்லை, கத்தியில்லை, முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்வது. நான் வந்து சேர்ந்தபோது பச்சைத் தேயிலை விலை தரையில் கிடந்தது. பேக்கரி ஒன்றின் மாடியில் அறை எடுத்தேன். வருகிறவர்களை உட்காரவைக்க ரோஸியக்கா வந்தார். கைரோபிராக்டிக் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மூன்றாவது வாரம் எனக்கு 'நெட்டி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சத்தம் வரவில்லை

குந்தாவில் மின்நிலைய வேலையில் இருந்த ஒருவர் வந்தார். வலது பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம். கழுத்தை மெதுவாக இழுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி இழுத்து, கால் மணி நேரத்தில் எறும்பு இறங்கிவிட்டது. விரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு எதற்கோ காத்துக்கொண்டு படுத்திருந்தார். முடிவெட்டும் கடையில் கடைசியாகத் தலையைப் பிடித்து 'டக்'கென்று திருப்புவார்களே, அதற்கு.

எனக்குப் பாடம் நடத்தியவர் முதல் நாளே சொன்னது, யாருடைய கழுத்தைத் திருப்பக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. உள்ளே தண்டுவடம் நெரிந்திருக்கிற கழுத்தை வேகமாகத் திருப்பினால், மரத்த விரலோடு வந்தவர் நடக்க முடியாமல் போகலாம். இதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். ஷூவை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கதவருகில் நின்று ரோஸியக்காவிடம் மட்டும் சொன்னார்: "கை சரியாயிருச்சுங்க, அதுல குத்தமில்ல. ஆனா சத்தமே வரலீங்களே, எப்படிங்க நம்பறது?"

மூட்டை

எமரால்டு என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கொஞ்சம் காரட், கொஞ்சம் தேயிலை. இடது கை விரல்களெல்லாம் மதமதவென்று இருக்க, இது நெஞ்சுதான் என்று முடிவு கட்டி, மகளுக்கு எந்த நிலம், மகனுக்கு எந்த நிலம் என்பது வரை சொல்லி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் பயம் கூடிவிட்டது. நெஞ்சும் இல்லையென்றால் வேறென்ன?

கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல், இலை மூட்டைகளைத் தானே பிடரியில் வைத்துச் சுமந்ததில் வந்த வினை. ஒரு மாதத்துக்குச் சுமை தூக்கவே கூடாது என்றேன். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. "அதுக்கென்ன டாக்டரே, ஃபேக்டரியில எலையே எடுக்கறதில்ல. நீங்க சொல்லாட்டியும் சும்மாத்தான் இருக்கப்போறேன்."

இருபத்தாறு பெண்கள்

எஸ்டேட்டுகளில் அப்போது ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கையால் கொழுந்து கிள்ளியவர்களிடம் கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். நெற்றியில் மாட்டிய பட்டையில் பை தொங்க, நாள் முழுக்கக் கத்தரி பிடித்தால் கழுத்தும் போகும், மணிக்கட்டும் போகும். விரல் மரக்கிறது என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்ததும், ஓர் எஸ்டேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். யாருக்குக் கையில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பட்டியல் வேண்டுமாம். பட்டியல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது என் முதல் தப்பு.

சோதனை மிகச் சாதாரணம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒரு விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பேன். பெருவிரல், சுண்டுவிரல், நடுவிரல், மோதிர விரல், ஆள்காட்டி: பல வருஷமாக என் கைக்குப் பழகிய வரிசை. குழந்தைகள் காப்பகத்து வாசலில் இருபத்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். இருபத்தாறு பேரும் ஒரு விரல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஃபீல்டு ஆபீசர் என்னைவிட நிம்மதியாக இருந்தார். "நான் அப்பவே சொல்லலீங்களா சார்? இவங்களுக்கு விரல்ல ஒண்ணுமில்ல. கத்தரி பிடிக்கத்தான் மனசில்ல."

மூன்றாவது விரல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள். பெயர் பவளம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிலோன் தோட்டத்தில் பிறந்து, சிறுவயதில் கப்பலேறி வந்தவள். படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். சேலைமேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை.

"லேசா மதமதப்புதாங்கய்யா. ஒரே ஒரு நெட்டி எடுத்துவிட்டீங்கன்னா போயிரும். நாளைக்குக் கொழுந்து வெட்ட மலைக்குப் போவணும்."

"டாக்டரு பாத்துட்டுத்தானுங்க எடுப்பாரு," என்றார் ரோஸியக்கா. "கண்ண மூடிக்குங்க."

பத்து விரலையும் பவளம் சரியாகச் சொன்னாள். படுக்கச் சொல்லி, தாடைக்குக் கீழே கை கொடுத்து, கழுத்தைத் திருப்ப வேண்டிய இடம் வரை கொண்டுபோய்விட்டேன். இன்னும் ஓர் அசைவுதான். அப்போது அவள் சட்டைப் பொத்தான்கள் கண்ணில் பட்டன. மூன்றாவது பொத்தான் நான்காவது துளையில் மாட்டியிருந்தது. அதற்கடுத்தது மாட்டப்படாமலே தொங்கியது. அவசரத்தில் போட்டிருப்பாள் என்று மனம் சொன்னது. என் கை அதை நம்பவில்லை; பொத்தானை மாட்ட முடியாத விரலுக்குப் பஞ்சு மட்டும் எப்படித் தெரியும்? எழுப்பி உட்காரவைத்து, மறுபடியும் கண்ணை மூடச் சொன்னேன்.

"பெருவெரலுங்க." சரி. "சுண்டுவெரலுங்க." சரி. மூன்றாவதற்குப் பஞ்சை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நடுவெரலுங்க," என்றாள் பவளம்.

நான் அசையவில்லை. "மோதிர வெரலுங்க. ஆள்காட்டிங்க." யாருமே தொடாத விரல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். ரோஸியக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினேன். கால் என்னை உதைக்கிற வேகத்தில் துள்ளியது. கழுத்துக்குள் தண்டுவடம் நெரிபடுகிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் என் உள்ளங்கைகள் அந்தக் கழுத்தில்தான் இருந்தன. பவளம் கண்ணைத் திறந்து, பஞ்சு மேசைமேல் கிடப்பதைப் பார்த்தாள். "வெரல் நல்லா இருக்கவளுகள முன்னாடி நிக்கவச்சோங்கய்யா. நீங்க எந்த வெரலுக்கு அப்பறம் எத தொடுறீங்கன்னு பாத்து வந்து சொன்னாளுக. மத்தவங்க நிக்கிற எடத்துலயே பாடம் பண்ணிக்கிட்டோம்."

பதினான்கு வளைவுகள்

ஏன் என்று கேட்டேன். அப்பாவியான கேள்வி. கை ஆகாதவர்களின் பேரை முதலில் களைவெட்டுக்கு மாற்றுவார்களாம். பிறகு செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டான். வீடு நிற்பது பவளத்தின் பேரில், அதாவது அவளுடைய பத்து விரல்களில். நான் போட்டுக் கொடுக்கவிருந்த பட்டியல் அதற்குத்தான்.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை யாரும் கழுத்தைத் தொடக் கூடாது என்றேன். "நீங்க எடுக்காட்டிப் போங்கய்யா, எங்க லயத்துலயே நெட்டி எடுக்கிற ஆளு இருக்காரு" என்று எழுந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை. என் கை செய்யாமல் விட்டதை இன்னொரு கை செய்துவிடும், அதுவும் இன்றைக்கே. ரோஸியக்கா போய்க் கதவை மறித்து நின்றார். "ஏனுங்கம்மா, இன்னைக்கு வெரலோட நிக்குது. திருப்புனா காலு போயிருமுங்க. காலில்லாம எந்த மலைக்குப் போவீங்க?" பவளம் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். ஆனால் கழுத்துப் பட்டை மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள், ஆபீசர் பார்த்துவிடுவார். ரோஸியக்கா தன் கம்பளி மஃப்ளரைக் கழற்றி, பட்டைக்கு மேலே சுற்றிவிட்டார். இந்த மலையில் மஃப்ளர் ஏன் சுற்றியிருக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

மூன்று நாள் கழித்து, ரோஸியக்கா போகிற மாதா கோயிலின் ஜீப்பில் இருவரும் கோயம்புத்தூருக்கு இறங்கினார்கள். அந்த மூன்று நாளும் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ரோஸியக்காவை முந்திக்கொண்டு நான் ஓடிப்போய் எடுத்தேன். திரும்பி வந்த ரோஸியக்கா, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றார். பிறகு என் முன்னால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மலை எறங்கி முடியற வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளவுலயும் அந்தம்மா கழுத்த ரெண்டு கையாலயும் புடிச்சுட்டே போனேனுங்க, ஜெபம் பண்ணுனது நானு, தைரியம் சொன்னது அவங்க."

புது வரிசை

எஸ்டேட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். வேண்டுமென்கிறவர்கள் மாடிக்கு வரட்டும், பட்டியல் மட்டும் தர மாட்டேன் என்றேன். ஃபீல்டு ஆபீசர் ஃபோனை வைத்துவிட்டார். அவர் அடுத்து வேறு யாரைக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இரண்டு பேராகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்துப் பவளமும் வந்தாள். சுவரைப் பிடிக்காமல் படியேறினாள். பொத்தான்கள் அதனதன் துளையில் இருந்தன. செக்ரோலில் அவள் பேர் இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, வரிசையை மாற்றித் தொட்டேன். மோதிர விரல், சரி. பெருவிரல், சரி. மூன்றாவதாகச் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் இமைகள் துடித்தன. கடைசியில், "தெரியலீங்கய்யா" என்றாள்.

கேட்டதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஒருத்தியின் விரல் மரத்திருப்பதில் இப்படி ஒரு நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது. முதல்முறையாக எனக்கு உண்மை கிடைத்திருந்தது. அதை வைத்து வைத்தியம் பார்க்கலாம். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று, வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு பெண்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "இந்தப் புது வரிசைய அவளுகளுக்குச் சொல்லட்டுங்களா, ஐயா?"

இப்போதெல்லாம் பத்துக்குப் பத்து சரியாகச் சொல்கிறவரைக் கண்டால்தான் என் விரல்கள் சில்லிட்டுப்போகின்றன.