நீர்யானைக்கு எத்தனை விரல்

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, தலைமையாசிரியரான பெரிய வாத்தியாரும் நானும் மட்டும். பாலூட்டிகள் பாடத்தில் நீர்யானை வந்தது. பெயரை நம்பி யானையோடு சேர்க்காதீர்கள், அது தனிக் குடும்பம், யானைக்குப் போல ஐந்தில்லை, காலுக்கு நான்கு விரல், பன்றிதான் கிட்டின சொந்தம் என்று கையேட்டில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தேன். திமிங்கிலம் இன்னும் நெருக்கம் என்று வெகுகாலம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்த மாதமே பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த சிறுமியை எழுப்பி, "நீர்யானை எந்தக் குடும்பம்?" என்றார்.

"தனிக் குடும்பங்க சார். யானைக்குச் சொந்தமில்லீங்க, பன்னிக்குத்தான் சொந்தம்."

"பேர்லயே யானை இருக்கே, பிள்ளை!" அவர் சிரித்தார். பெரிய வாத்தியாரும் கூடச் சிரித்தார். சிறுமி உட்கார்ந்துவிட்டாள்.

நான் கையேட்டை நீட்டினேன். அவர் திறக்கவே இல்லை. "நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா, டீச்சர்?"

பார்த்ததில்லை. பாடம் பிழையாகக் கற்பிக்கப்படுகிறது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

விடுமுறையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். மிருகக்காட்சிசாலையில் காலை பத்திலிருந்து நாலு மணிவரை தொட்டிக்கரையில் நின்றேன். கலங்கிய தண்ணீருக்கு மேலே காதும் மூக்கும் மட்டும் தெரிந்தன. கால் எப்போது வெளியே வரும் என்று காவலாளியிடம் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். வெயில் இறங்கினால்தான் கரையேறும், அதற்குள் வாசலை மூடிவிடுவோம் என்றார். எத்தனை விரல் என்றதற்கு, தயங்காமல் நான்கு விரலை விரித்துக் காட்டினார்.

திரும்பி வந்து, நான்கு விரல்தான் என்று பெரிய வாத்தியாரிடம் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களா, காவக்காரன் சொன்னானா?"

"அவருதான் சொன்னாரு."

"அப்ப விடுங்க, டீச்சர். நாலா இருந்தா என்ன, அஞ்சா இருந்தா என்ன!"

திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தேன்.

ஆண்டிறுதிப் பரீட்சையில் அந்தச் சிறுமி 'யானைக் குடும்பம்' என்று எழுதியிருந்தாள்.

"ஒனக்குத்தான் தெரியுமே, ஏம்மா இப்படி எழுதுன?"

"தெரியுங்க டீச்சர். சரியா எழுதுனா பிழை போடுவாங்க."

விடைத்தாள் திருத்தியது பெரிய வாத்தியார். சிவப்பு மையில் பெரிதாகச் சரி போட்டிருந்தார்.