அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வந்த என் தங்கச்சியின் கிட்டார்

இன்று எங்கள் சர்ச் அறுப்பின் பண்டிகையில் நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான்!

(எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இந்நேரம் என்னை டிவியில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.)

என் தங்கச்சி எஸ்தரை நெய்யூர்ப் பக்கம் தெரியாத ஆள் கிடையாது. 'கிட்டார் எஸ்தர் வீடு' என்று சொன்னால் போதும், கண்டக்டர் விசில் அடித்து வாசலிலேயே இறக்கிவிடுவார்!

பள்ளியில் படிக்கும்போதே அவள் சர்ச் பாட்டுக்குழுவில் சேர்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் கிட்டார் பையன்களுக்கு மட்டும்தான். இவள் ஆல்ட்டோ குரலில் பாடிக்கொண்டே, பையன்களின் விரல் எந்தக் கம்பியில் போய் உட்காருகிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து துடைப்பக் கைப்பிடியைக் கிட்டாராகப் பிடித்து விரல் பழகுவாள்.

"ஏட்டி, முத்தத்தத் தூத்தச் சொன்னா வாரியலத் தடவிக்கிட்டா நிக்கிய?" என்று அம்மா கத்துவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டார் பையனுக்குக் காய்ச்சல். பாட்டுக்குழு மாஸ்டர் முழித்தார். எஸ்தர் எழுந்து போய் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்று அவள் வாசித்த வாசிப்பில் இனயம் கடற்கரையில் அலையே ஒரு நிமிஷம் நின்றது!

(நான் இனயத்தில் இல்லை. ஆனால் நின்றிருக்கும்.)

அப்புறம் கல்யாண வீட்டுக் கச்சேரிகள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் சொந்தக் கிட்டார். சேலை கட்டிக் கிட்டாரோடு மேடையில் நின்ற முதல் பெண் நம் மாவட்டத்தில் அவள்தான்! (நாகர்கோவில்காரர்கள் வேறு யாரையாவது சொல்வார்கள். நம்பாதீர்கள்.)

பிறகு அவளுக்கே கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை தங்கராஜ், துபாயில் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"வாசிக்கணும்னா கோயில்ல போய் வாசிச்சுக்கோ. வீட்டுக்குள்ள அது வேண்டாம்."

அன்றிலிருந்து கிட்டாருக்கு விலாசம் சர்ச் பாட்டுக்குழு ரூம்தான். எஸ்தர் சாயங்காலம் வேலை முடித்து அங்கே நடந்து போவாள். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு வாசித்தாள். மூட்டுவலி வந்த பிறகு வலிக்கிற விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் வாசித்தாள். பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ரூமில்தான் கற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு நாள்கூட வாசித்ததில்லை.

இப்போது இன்றைய விஷயம்.

வெளியூர் நண்பர்களுக்காக: அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று கொண்டுவந்து காணிக்கை மேசையில் வைப்பார்கள். போதகர் ஜெபிப்பார். பிறகு எல்லாம் ஏலம்!

எஸ்தர் பாட்டு முடிந்ததும் பந்திக்குச் சாம்பார் வாளி தூக்க ஓடினாள். போகிற அவசரத்தில் கிட்டாரை அந்த மேசையில், இரண்டு வாழைக்குலைகளுக்கு நடுவில் சாய்த்துவிட்டாள்.

போதகர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டார்.

கோழி போனது, குலை போனது. ஏலம் விடுகிற செல்லத்துரை அடுத்து எடுத்தது கிட்டார்!

நாகர்கோவிலிலிருந்து விருந்துக்கு வந்த ஒருவர் உடனே கை தூக்கினார். புதிதாகக் காபி ஷாப் திறக்கிறாராம்.

"செவுத்துல ஆணி அடிச்சு மாட்டினா நல்ல லுக்கா இருக்கும்!"

எஸ்தர் வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது எனக்க கிட்டாருல்லா!"

"போய்ச் சொல்லுட்டி!"

"ஜெபிச்சாச்சே. கர்த்தருக்குப் போனத நான் எப்பிடித் திரும்பக் கேக்க?"

நான் விடுவேனா? எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன்! (மற்றவர்களைவிட இருமடங்கு படிப்பு.)

"வே செல்லத்துரை, அது அவளுக்க கிட்டாரு வே!"

"பாட்டுக்குழுவுக்குப் புது கீபோர்டு வந்தாச்சே, பழசக் காணிக்கைக்குப் போட்டுட்டாவன்னுல்லா நெனச்சேன்! இனி ஆருக்குள்ளதுன்னாலும் ஏலத்துலதான் எடுக்கணும். போன வருஷம் போதகருக்க குடையே இப்பிடித்தான் போச்சு. அவரு வாயத் திறந்தாரா?"

வாளிப் பிடியில் எஸ்தரின் இடது கை விரல்கள் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தன.

"ஒருதரம்! ரெண்டுதரம்!"

சிங்கம்போல எழுந்தேன். கையைத் தூக்கினேன்!

காபி ஷாப்காரர் ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் மறுபடி ஏற்றினார். நான் கையை இறக்கவே இல்லை. கடைசியில் அவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"மூணுதரம்!"

பந்தலே கைதட்டியது! ஏலம் போன சேவல் ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது!

எஸ்தர் கிட்டாரை வாங்கி, முந்தானையால் வாழைக்கறையைத் துடைத்து, அங்கேயே நின்று ஒரு பாட்டு வாசித்தாள். பந்தியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் இலைப் பக்கம் திரும்பவில்லை.

இதுவரை எழுதியதை என் பின்னால் நின்று வாசித்த என் மனைவி, "கோயில் காரியத்துலயும் பொய்யா? உள்ளத எழுதும்" என்கிறாள்.

சரி. ஒரே ஒரு இடத்தைத் திருத்திவிடுகிறேன்.

கை தூக்கியது நான் இல்லை.

நான் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து லீவுக்கு வந்து, கடைசி வரிசையில் சுவரோரம் நின்ற தங்கராஜ் தூக்கிவிட்டார். மூணுதரம் என்கிற வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் செல்லத்துரை அவரிடம் கேட்டான்.

"தங்கராசு அண்ணே, பழையபடி பாட்டுக்குழு ரூம்ல வச்சிரட்டா?"

"வேண்டாம்டே. வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அப்புறம் எஸ்தரைப் பார்த்து, "வா, வண்டியில ஏறு. வழியில இடிக்காமப் பிடிச்சுக்கோ" என்றார்.