தொண்டையுள்ள டீச்சர்

"ஒரே ஒரு டீ, சக்கரை கம்மி!" என்று திம்மராயன் சொன்னால் டீக்கடைக்காரர் மட்டுமில்லை, ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். காலை ஏலம் முடிந்து, தக்காளி லாரிகளெல்லாம் கிளம்பிப் போயிருக்கும். மனுஷனுடைய தொண்டை மட்டும் இன்னும் மண்டியிலேயே நிற்கும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கையால் டம்ளரையும் இன்னொரு கையால் காதையும் பிடித்துக்கொள்வார். திம்மராயன் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. "பழகிடுச்சிங்க, இறங்க மாட்டேங்குது" என்பார். அதையும் கத்தித்தான் சொல்வார்.

மண்டியில் ஏலம் கூவுவது அவர் தொழில். ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. ஒல்லி உடம்பு, குழி விழுந்த கன்னம், தோளில் எப்போதும் ஈரத்துண்டு. கன்னத்தில் ஒரு துண்டு கற்கண்டை அடக்கிக்கொண்டு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஏறி நின்றாரென்றால், தமிழில் ஆரம்பித்த விலை தெலுங்கில் ஏறி கன்னடத்தில் போய் முடியும். ஆந்திராக்காரருக்கும் கர்நாடகாக்காரருக்கும் அவரவர் பாஷையில் ஒரு கிண்டலும் உண்டு. மண்டியின் கோடியில் நிற்கிற லாரியில் தூங்குகிற டிரைவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மைக் வாங்கித் தருகிறேன் என்று மண்டி முதலாளி சொன்னபோது திம்மராயனுக்கு வந்ததே கோபம்! "மைக்கு எதுக்குங்க? நான் செத்தா போயிட்டேன்?"

மனிதர்களை அவர் எடை போடுவதும் குரலை வைத்துத்தான். மெதுவாகப் பேசுகிறவரைக் கண்டால் அவருக்கு நம்பிக்கை வராது. "நல்ல மனுஷந்தான், ஆனா தொண்டை இல்ல" என்று ஒதுக்கிவிடுவார். மனைவி காவேரியைப் பெண் பார்க்கப் போனபோது, உள்ளேயிருந்து அவள் தங்கையை அதட்டிய சத்தம் கேட்டுத்தான் சம்மதம் சொன்னார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். காவேரி சிரிக்க மாட்டாள்.

இந்தக் குரல்தான் அவர் வீட்டை ஏமாற்றியது. மகள் சௌமியா பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் அசையமாட்டாள். தாய் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "பிள்ளைக்குக் காதுல ஏதோ இருக்குதுங்க" என்று காவேரி சொல்லும்போதெல்லாம் திம்மராயன் வாசலில் நின்றுகொண்டு "சௌமீ!" என்று ஒரு கூவல் போடுவார். குழந்தை பட்டென்று திரும்பிச் சிரிக்கும். "பாத்தியா? நல்லாத்தான் கேக்குது. நீ வாய்க்குள்ள பேசிக்கினு பிள்ளையக் குத்தம் சொல்ற" என்பார். இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முதல் பிறந்த நாளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருப்பார்கள். இவர் வீட்டில் கண்டுபிடிக்க இரண்டு வயது தாண்டிவிட்டது. பிள்ளைக்குக் காது மந்தம், இவர் குரலைப் போல இடிக்கிற சத்தம் மட்டும்தான் எட்டுகிறது என்று பரிசோதனை செய்த டாக்டரம்மா விளக்கியபோது, திம்மராயன் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. "மிஷின் பாதிதான். மீதி நீங்க. நாலு பிள்ளைங்களோட, நல்ல டீச்சர்கிட்ட விடுங்க. பேச்சு வர்ற வயசு இது. இதை விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே தன்னால் தொலைந்த காலத்தை எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டும் என்று திம்மராயன் பள்ளிக்கூடம் தேடக் கிளம்பினார். பாவம், தேடும்போதும் அதே தொண்டையைத்தான் தேடினார்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவர் வகுப்பின் கடைசிச் சுவரோரம் போய் நின்றுகொள்வார். டீச்சர் பேசுவது அங்கே வந்து விழுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பார். தெருமுனை அங்கன்வாடி டீச்சர் தங்கமானவர், ஆனால் தொண்டை இல்லை. கிருஷ்ணகிரியில் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சி மையம் இருக்கிறது, அங்கேயும் கூட்டிப் போனாள் காவேரி. தரையில் பாய் போட்டு, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து மணிமேகலை டீச்சர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். திம்மராயனுக்கு ஒப்பவில்லை. "அந்தம்மா பேசறது அந்தம்மாவுக்கே கேக்குமா? காது கேக்காத பிள்ளைகிட்டப் போயி ரகசியம் பேசினா எப்படி?" என்று பஸ்ஸிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பைப் பஸ் முழுக்கக் கேட்டது.

கடைசியில் ஓசூர் ரோட்டில், கம்பெனி பஸ்கள் நின்று ஆள் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி கிடைத்தது. தகரக் கூரை போட்ட பெரிய ஹால். வெளியே பஸ் ஹாரன், உள்ளே அத்தனையையும் மீறி ஒரு மிஸ். கையில் மைக் வேறு. "ஏ ஃபார் ஆப்பிள்!" என்று அவர் முழங்க, கூரை அதிர, பிள்ளைகள் திருப்பிக் கத்தின. திம்மராயனுக்கு முகமெல்லாம் பல். "இதுதான் ஸ்கூலு! இந்தம்மா நம்ம மண்டிக்கு வந்தா நான் வேலைய விட்டுப் போயிடணும்" என்று அன்றைக்கே சேர்த்துவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் சௌமியா இரண்டு மிஷினையும் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுகிறாள் என்று மிஸ் சொல்லி அனுப்பினார். மாட்டிவிட்டால் மறுபடி கழற்றுகிறாள், அழுகிறாள். "பேட்டரி போயிருக்கும். இல்லன்னா மிஷினே டூப்ளிகேட்டு" என்று திம்மராயன் குதித்தார். காவேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"நான் சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. ஸ்கூல்ல மட்டும் கழட்டல."

"பின்ன?"

"நீங்க வீட்டுக்குள்ள வந்தாலும் கழட்டிடறா. என்கூட இருக்கிறப்ப போட்டுக்கினுதான் வெளையாடறா. உங்களைப் பாத்ததும் கை காதுக்குப் போயிடுது. நானும் கொஞ்ச நாளாப் பாத்துக்கினுதான் இருக்கேன்."

அன்றைக்குத் திம்மராயன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

மறுநாளே மிஷினைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு மிஷின் நன்றாக இருக்கிறது என்றார். திம்மராயன் விடவில்லை. டாக்டர்கள் நெஞ்சில் வைத்துப் பார்ப்பார்களே, அதைப் போல ஒரு குழாய் இருந்தது. அதன் நுனியில் மிஷினைப் பொருத்தித் திம்மராயன் காதிலேயே மாட்டிவிட்டார் டாக்டரம்மா. "நீங்களே கேளுங்க. பிள்ளைக்குக் கேக்கறது இதுதான்." காவேரி பக்கத்தில் நின்று "ஏங்க, கேக்குதா?" என்றாள். கணீரென்று இருந்தது. அடடா, இவ்வளவு நன்றாகவா கேட்கிறது என்று ஒரு நிமிஷம் குளிர்ந்துபோனார். "இப்ப நீங்க பாப்பாவைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

"சௌமீ!" என்றார் திம்மராயன்.

அடுத்த நொடி குழாயைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். பேரும் இல்லை, குரலும் இல்லை. மண்டையைப் பிளக்கிற ஒரு கரகரப்புத்தான் இருந்தது. அவர் கையும் காதுக்குத்தான் போயிருந்தது. "எம்பிள்ளைக்கு நான் இப்படியா கேக்கறேன்?" என்று மட்டும் கேட்டார். மனுஷன் அங்கேயே அழுதுவிட்டார்.

நர்சரியை நிறுத்தியாயிற்று. பயிற்சி மைய வாசலில் போய் நின்று, அன்றைக்கு வேண்டாம் என்று போனதற்கு மணிமேகலை டீச்சரிடம் அசடு வழிந்துவிட்டும் வந்தார். காவேரி தினமும் குழந்தையைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போய் கூடவே உட்கார்ந்தாள். சௌமியா மிஷினைக் கழற்றுவதை விட்டாள். "ம்மா" என்று ஒரு சத்தமும் வந்தது. ஆனால் திம்மராயன் இப்போது அடுத்த கோடிக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் வாயே திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே காட்டுவார். மண்டியில் இடி இடிக்கிற ஆள், வீட்டில் மகளுக்கு முன்னால் ஊமை. "வாயத் தொறந்தா கழட்டிடுவாளே, காவேரி. கழட்டிட்டான்னா நான் தாங்க மாட்டேன்" என்று வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்.

விஷயம் மணிமேகலை டீச்சர் காதுக்குப் போயிற்று. மண்டி விடுமுறை நாளாகப் பார்த்து ஆளை வரவழைத்துவிட்டார். "என்னங்க இது அநியாயம்? அப்பா பேசலைன்னா அப்பா பேச்சை அவ எங்க போயிக் கத்துக்குவா? உட்காருங்க இப்படி."

பாயின் மேல் சௌமியா டீச்சரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு மரக்கட்டை, அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி. சத்தம் கேட்டால் கட்டையை வாளிக்குள் போட வேண்டும், சத்தம் கொடுத்தவர் அடுத்த கட்டையைக் கையில் தருவார், அதுதான் விளையாட்டு. டீச்சர் வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு "ஆ" என்றார், கட்டை விழுந்தது. காவேரி பின்னாலிருந்து பேர் சொன்னாள், கட்டை விழுந்தது. பிறகு டீச்சர் திம்மராயனைக் கைகாட்டினார்.

மகளுக்கு முதுகுப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார், அதற்கும் காற்றுதான். கட்டை கன்னத்திலேயே இருந்தது. நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது அவருக்கு. எந்த இடத்தில் குரலை நிறுத்துவதென்றே அவருக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்க" என்றார் டீச்சர். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட எப்படிப் பேசுவீங்க? அதே மாதிரி."

"அவருகிட்டயும் நான் கத்தித்தாங்க பேசுவேன்" என்றார் திம்மராயன், பரிதாபமாக, தணிந்துபோன குரலில்.

டக்கென்று கட்டை வாளிக்குள் விழுந்தது.

சௌமியா திரும்பிப் பார்க்கவும் இல்லை, கையைக் காதுக்குக் கொண்டுபோகவும் இல்லை. அடுத்த கட்டைக்காக உள்ளங்கையை விரித்துப் பின்பக்கமாக, அப்பா இருந்த பக்கமாக, நீட்டினாள்.