டியூக் பங்களாவில் கூப்பிட்ட பேர்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிற ஆள் நான். மாரியம்மனைக் கும்பிடுவேன், அதோடு சரி. அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை, இன்னொருவர் சொல்லிக் கேட்டிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து உச்சியில் கோபுரமும் கருங்கல் சுவருமாக ஒரு கோட்டை இருக்கிறது. டியூக் பங்களா என்போம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு டியூக், பெரிய பிரபுவாம், அவர் வந்து தங்குவதற்காக அவருடைய தம்பி கட்டியது. ஆற்றிலிருந்து அத்தனை கல்லையும் எங்கள் ஆட்கள்தான் தலையில் சுமந்து ஏற்றினார்கள், வழியிலேயே விழுந்து செத்தவர்களும் உண்டு என்று தோட்டத்தில் சொல்வார்கள். அந்த டியூக் ஒரு நாளும் வரவில்லை. தோட்டம் கைமாறிக் கைமாறி, கூரை ஒழுகி, கோபுரத்துக்குள் மரம் முளைத்துக் கிடந்தது. பிறகு கொழும்புக் கம்பெனி ஒன்று, பழையபடியே புதுப்பித்து ஹோட்டல் நடத்தப் போகிறோம் என்று எடுத்துக்கொண்டது.

கோபுர ஜன்னலில் நின்றால் நேர் கீழே எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகள், தெரியும். விருந்தாளிகள் கண்ணில் தகரக் கூரை படக்கூடாதாம். வேலை முடிந்ததும் லயத்தை உடைப்போம், ஹோட்டலில் நிரந்தர வேலை கிடைக்கிறவர்களுக்கு மட்டும் பின்பக்கம் அறை தருவோம், மற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் பார்வதி மதினியும் அந்த ஒரு அறையை நம்பித்தான் அங்கே சுண்ணாம்பு சுமக்கப் போனோம். மதினி என் அண்ணன் மனைவி. அண்ணனும் என் வீட்டுக்காரரும் அந்த மலையில்தான் புதைந்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தே இருந்துவிட்டால் போதும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் சத்தமே வராது. தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், காலையில் எல்லாரையும் நிறுத்திக் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார், அதைத்தான் பெரட்டு என்போம். என் பேர் வரும்போது மதினிதான், "லெச்சி வந்திருக்கா ஐயா!" என்று கத்துவாள்.

"ஏன், லெச்சி வாய லயத்துலயே வச்சுப் பூட்டிட்டு வந்திருச்சா?" என்பார் கணக்கப்பிள்ளை.

"எனக்கு ரெண்டு வாய் இருக்குல்ல, அதுல ஒன்னு அவளோடதுதான் ஐயா" என்பாள் மதினி. எல்லாரும் சிரிப்பார்கள். தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்துக் கத்தி பட்டு என் வலது கால் சுண்டுவிரல் துண்டாகிப் போனபோதுகூட நான் கத்தவில்லை, மதினிதான் கத்தினாள்.

அது மழை மாதம். விடிந்து நல்ல வெளிச்சம் வந்திருந்தது, ஆனால் ஒரே பனிமூட்டம், தூறல் வேறு. நாங்கள் பங்களாவின் பின்முற்றத்துக்கு வந்தபோது எங்களுக்கு வேலை சொல்கிற சிங்களக் கொத்தனார் மேசன் பாஸ் இன்னும் வரவில்லை. அப்போது முற்றத்தின் அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் பேர் கூப்பிட ஆரம்பித்தது. கருப்பன், மூக்காயி, வெள்ளையன். ஒவ்வொரு பேருக்கும் மூட்டத்துக்குள்ளிருந்து "ஐயா", "ஐயா" என்று பதில் வந்தது. பெரிய கூட்டம் நிற்கிற மாதிரி இருமலும் கால் மாற்றுகிற சத்தமும் கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

"யாருடி இது? நம்ம லயத்துல மூக்காயின்னு யாரு இருக்கா?" என்றாள் மதினி.

"புதுசா யாராச்சும் சுப்பவைசர் வந்திருப்பாங்க மதினி. நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களோ என்னவோ."

அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பில்தான் இருவரும் ஓரமாகப் போய் நின்றோம்.

"லெட்சுமி" என்றது குரல்.

எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. மறுபடியும், "லெட்சுமி."

"லெச்சி வந்திருக்கா ஐயா!" என்று மதினி கத்தினாள்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு குரல் இல்லை. மதினி காத்துக்கொண்டு நின்றாள். பிறகு கை தூக்கி, "ஐயா, பார்வதி பேரு விட்டுப்போச்சு! பார்வதி!" என்றாள். காற்று அடித்து மூட்டம் விலகியபோது முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் மழையில் நனைந்த கருங்கல் தரையில் ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக, காலளவுக்கு மட்டும் நனையாமல் இருந்தது. குதிகாலும் விரல்களும்கூடத் தெரிந்தன. அந்த நேரத்தில் வந்த மேசன் பாஸ் அதைப் பார்த்துவிட்டு, "மெத்தன கவுத ஹிட்டியே?" என்றார். இங்கே நின்றது யார் என்று கேட்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்து எல்லாம் ஈரமாகிவிட்டது.

மதினி அன்று பகல் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் லயத்துக்கு இறங்கும்போது சிரிக்கவில்லை. "என் பேர மட்டும் கூப்பிடலையேடி" என்றாள்.

வேலை முடிந்தது. சுவரெல்லாம் வெள்ளையாகி, கோபுரத்துக்குப் புதுக் கதவு வந்து, டியூக்கின் கதை எழுதின பலகையை வாசலில் நட்டார்கள், கல் சுமந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நிரந்தர வேலை எங்கள் இருவரில் எனக்கு மட்டும் கிடைத்தது. மதினியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று ஆபீஸ் வாசல் வரை போனேன். கேட்கிறதற்கு மதினிதான் வர வேண்டும், அவளுக்காக அவளையே எப்படிக் கூட்டிப் போவது? திரும்பி வந்துவிட்டேன்.

"நீயாவது இரு. அவங்க ரெண்டு பேரு குழிக்கும் வெளக்கு வைக்க ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டு வலப்பனையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனாள் மதினி. லயத்தை உடைத்தார்கள். அடுத்த மழைக்கு அவள் இல்லை.

சாவு வீட்டுக்குப் போய், காரியம் முடியும்வரை வலப்பனையிலேயே இருந்தேன். திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். இருப்பதற்குத்தான் அந்தச் சின்ன வீட்டில் இடம் இல்லை. வந்து சேர்ந்த அன்று, சில்லறை வேலைகளுக்காகத் தங்கிவிட்ட மேசன் பாஸ் என்னைப் பார்த்து, "அக்கே, எப்ப போனது? காலைல இங்கதானே இருந்தது?" என்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது. பின்முற்றத்தில் காலையில் யாரோ கத்தினார்களாம், என் பேரைத் தவிர அவருக்கு அர்த்தம் தெரியாதாம், காதில் விழுந்த மாதிரியே சொல்லிக் காட்டினார். "லெச்சி வந்திருக்கா ஐயா." மதினி இழுக்கிற மாதிரியே 'ஐயா'வை இழுத்தார்.

அதைக்கூட விட்டுவிடலாம், மனுசர் காது எதையாவது கேட்கும். அவர் போனில் அப்போது எடுத்த படத்தைக் காட்டினார். நனைந்த முற்றம், வரிசை வரிசையாக நனையாத காலடிகள். ஓரத்தில் கடைசியாக ஒரு ஜோடி, வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அந்தப் படம் எடுத்த நேரத்தில் நான் வலப்பனையில் மதினி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அந்தக் கால்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில், எனக்காகக் கத்தினவள் நின்றிருக்க வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இடம் முழுக்க ஈரம்.